ராசம்மா என்ற ருக்மணி தேவி

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி வில்கமுவவில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



மாத்தளையிலிருந்து றத்தோட்டை, இலுக்கும்புர, பல்லேகம என்று வளைந்து வளைந்து மலையைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். பஸ்ஸில் யார் யாருக்குத் தலை சுற்றியது என்று கேட்கப் போவதில்லை. நூற்றாண்டுக் கூட்டம் எல்லாம் பாடசாலை மண்டபத்திலேயே நடக்க வேண்டுமா, ஒன்றையாவது தூர இடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்காக வைக்கக்கூடாதா என்று நாங்கள் கேட்டபோது, செயலாளர் அக்கா மறுபேச்சில்லாமல் சரி என்றார். அதற்கு நன்றி. ஐந்து மணிக்கு முன் கட்டாயம் முடித்துவிடுவோம். வஸ்கமுவக் காட்டு யானைகள் நமது நிகழ்ச்சிநிரலைப் பார்த்து நடப்பதில்லை.

இந்த உரையை ஒருவர் எழுதவில்லை. வில்கமுவ, ஹெட்டிப்பொல பக்கத்தில் பாடசாலையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கும் மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். ஒருவர் வாசிக்கிறோம், மற்ற இருவரும் பிழை பிடிக்க முன்வரிசையில் இருக்கிறோம். ஆகவே இதில் வரும் "நாங்கள்" மரியாதைக்காகச் சொல்வதல்ல. உண்மையாகவே நாங்கள்தான்.

செயற்குழு எங்களுக்குத் தந்த தலைப்பு "மேடை ஏறிய பெண்" என்பது. யாரைப் பற்றிப் பேசுவது என்று முதலில் பெரிய வாக்குவாதம். ஒருத்தி கே. பி. சுந்தராம்பாள் என்றாள். மற்றவள், மெல்பேர்னில் இருக்கும் மகள் அனுப்பிய புத்தகத்தைப் படித்துவிட்டு, அவுஸ்திரேலியாவில் அடிலெய்டில் பிறந்து அமெரிக்க மேடையில் பெயர் பெற்ற ஜூடித் அண்டர்சன் என்றாள். இந்த இழுபறியை முடித்து வைத்தவர் பக்கத்து வீட்டு ஆச்சி. ஒருநாள் பின்னேரம் அவர் நெல் புடைத்துக்கொண்டே ஒரு பழைய சிங்களப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். யார் பாட்டு ஆச்சி என்று கேட்டோம். "ருக்மணி தேவி" என்றார், அது தெரியாதா உங்களுக்கு என்ற மாதிரி. அவருடைய சொந்தப் பெயர் டேசி ராசம்மா டானியல்ஸ் என்று நாங்கள் சொன்னோம். ஆச்சி சுளகைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். நம்பவில்லை. "ராசம்மா? அது உங்கட பெயர் அல்லவா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் இன்று இங்கே கொண்டு வந்திருக்கிறோம்.

ராசம்மா 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியாவுக்குக் கிட்ட உள்ள றம்பொடையில் பிறந்தார். மலைநாட்டுப் பிள்ளைதான். தகப்பனார் தோட்டத்தில் உத்தியோகம், தாயார் ஆசிரியை. குடும்பம் கொழும்புச் செட்டி வம்சத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கொழும்புச் செட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்து கொழும்பில் வேரூன்றியவர்கள். 'தமிழ் புளூராக்' எழுதி நமது புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த சைமன் காசிச்செட்டி அந்தச் சமூகத்தவர். ஆனால் இன்று அவர்களில் பலர் தங்களைத் தனிச் சமூகமாகவே எண்ணுகிறார்கள். ஆகவே ருக்மணி தேவியை "எங்கட ஆள்" என்று நாம் ஒரேயடியாக உரிமை கொண்டாடுவது முழுச் சரியில்லை. ராசம்மா என்ற பெயரை மட்டும் யாராலும் வேறு மொழியாக்க முடியாது.

குடும்பம் கொழும்புக்கு வந்தபின், ஏழு வயதில், வெள்ளவத்தை சென் கிளேயர்ஸ் பாடசாலையில் ஒரு நத்தார் நாடகத்தில் ராசம்மா நடித்தார். பெத்லகேமின் இடைச்சிப் பெண்ணைப் பற்றிய நாடகம். இதை வாசித்தபோது நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். மார்கழி மாதக் கலைவிழாவில் தலையில் துவாயைக் கட்டி, கையில் கம்பைப் பிடித்து, இடையராக நிற்காதவர் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? நமது பாடசாலை மேடையில் அத்தனை பேருக்கும் முதல் வேடம் அதுதான். அதே இடத்திலிருந்துதான் அவரும் தொடங்கியிருக்கிறார்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சிங்கள நாடக சபைக்காரர் அவரை ராமாயண நாடகத்துக்கு எடுத்தார்கள். டேசி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரை நோட்டீசில் போட முடியாது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. ருக்மணி தேவி என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். கிறிஸ்தவப் பிள்ளைக்கு, சிங்கள மேடைக்காக, வட இந்தியச் சாயலில் ஓர் இந்துப் பெயர். அக்காலச் சிங்கள மேடையின் கதையே இந்தப் பெயருக்குள் இருக்கிறது. பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்கள் கொண்டு வந்த ராகங்களிலும் திரைச்சீலைகளிலும் வளர்ந்தது 'நுர்த்தி' நாடகம். 1911இல் மருதானையில் டவர் ஹோல் திறந்தபின் அதற்கு ஒரு வீடு கிடைத்தது. அனி போத்தேஜு, லக்ஷ்மி பாய் போன்ற பெண்கள் ருக்மணி தேவிக்கு முன்பே அந்த மேடையில் நின்றவர்கள். வழி ஓரளவு திறந்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நமது பக்கத்தில் வழி எப்படி இருந்தது? யாழ்ப்பாணத்து இசைநாடகத்திலும் நாட்டுக்கூத்திலும் பெண் வேடத்தை ஆண்கள் கட்டுவதே நெடுங்காலப் பழக்கம். மலைநாட்டுக் காமன்கூத்திலும் ரதியாக நின்றவர் பெரும்பாலும் ஆண்தான். குரல் நல்ல பிள்ளைகள் பிறகு வானொலிக்குப் போனார்கள். அங்கே முகம் தெரியாது, வீட்டில் பெரிய ஆட்சேபணை வராது. ராஜேஸ்வரி சண்முகம் போன்றவர்களின் குரலை நாம் வீட்டு ஆள் குரலாகவே அறிவோம். இந்த நாட்டில் 35 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம் 'தோட்டக்காரி'. அது 1963இல் வந்தது. சிங்களத்தில் முதல் பேசும் படம் 1947இல் வந்துவிட்டது. நடுவில் பதினாறு வருடம். அந்தப் பதினாறு வருடத்தில் நடிக்க ஆசைப்பட்ட இலங்கைத் தமிழ்ப் பெண்ணுக்குச் சொந்த மொழியில் திரையே இல்லை. சென்னையிலிருந்து பெட்டியில் வரும் படத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பதோடு சரி.

அந்த முதல் சிங்களப் படத்தின் கதாநாயகிதான் ராசம்மா.

படத்தின் பெயர் 'கடவுனு பொரொந்துவ', அதாவது மீறிய வாக்குறுதி. நீர்கொழும்பு பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன எழுதி, அவருடைய மினர்வா நாடகக் குழு ஊர் ஊராக மேடையேற்றிய நாடகம் அது. ருக்மணி தேவி அந்தக் குழுவில் சேர்ந்து, ஜயமான்னவின் தம்பி எடி ஜயமான்னவைக் கலியாணம் செய்துகொண்டார். எடி பேர்போன நகைச்சுவை நடிகர். நாடகத்தைப் படமாக்க முன்வந்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். இலங்கையில் அப்போது ஸ்டூடியோ கிடையாது. எனவே மினர்வாக் குழுவினர் கடல் தாண்டி மதுரைக்குப் போய், நாயகத்தின் சித்ரகலா மூவிடோனில் படத்தை எடுத்தார்கள். நெறியாள்கை ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. இசை நாராயண ஐயர். 1947 ஜனவரி 21ஆம் திகதி கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் படம் வெளியானது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு ஓராண்டுக்கு முன்.

மதுரையில் எடுத்த சிங்களப் படம், தமிழர் போட்ட முதல், வங்காளியின் நெறியாள்கை, ராசம்மாவின் முகமும் குரலும். முதல் சிங்களப் படம் என்று சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரியில் வருவதற்குப் பின்னால் இவ்வளவு பேர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி இதைக் கேட்டுவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "படத்தை நான் பார்த்தேன், இதெல்லாம் அதில் போடவில்லையே" என்றார்.

பாட்டு விஷயம் இன்னும் ஆச்சரியமானது. படத்துக்கு முன்பே, பதினைந்து வயதளவில், எச்.எம்.வி. இசைத்தட்டில் எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு சேர்ந்து அவர் பாடியது 'சிரி புத்தகயா விகாரே'. புத்தகயாவைப் போற்றும் பௌத்த பக்திப் பாட்டு! நத்தார் நாடகத்தில் இடைச்சியாக நின்ற கிறிஸ்தவப் பிள்ளையின் முதல் இசைத்தட்டு. இன்றைக்கும் வெசாக் காலத்தில் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டைக் கேட்கலாம். இதற்காக அவரை மதம் மாறச் சொன்னவர் யாருமில்லை, பாடக்கூடாது என்று தடுத்தவரும் யாருமில்லை என்றுதான் தெரிகிறது. அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. எல்லாக் காலத்திலும் கெட்டதும் இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயில் அந்த வார்த்தைகள் இடறாமல் வந்தன என்பதைத்தான் சொல்கிறோம். பிற மொழியில் பாடுகிறவருக்கு உச்சரிப்புப் பயம் என்ன என்று இங்கே சிங்கள மாணவர்களுக்கு முன்னால் நிற்கும் எங்களைக் கேளுங்கள். பத்து வருடமாகியும் ஒரு சில எழுத்துக்களில் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

மொஹிதீன் பேக்கோடு அவர் பாடிய சோடிப் பாட்டுகள் இன்றும் பேசப்படுகின்றன. பேக் மாஸ்டரும் சேலத்தில் பிறந்தவர். அக்காலச் சிங்களப் படங்களுக்கு மெட்டமைத்தவர்களில் பெரிய பெயர் ஆர். முத்துசாமி, அவரும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்.

முதல் படத்துக்குப் பிறகு ஜயமான்ன குழுவின் படங்கள் வரிசையாக வந்தன. 1948இல் 'கபடி ஆரக்ஷகய', பிறகு 'ஹதிசி வினிஷ்சய' என்று பல. எல்லாப் படத்திலும் ருக்மணி தேவி அழுவார், பாடுவார், எடி சிரிக்க வைப்பார். நாங்கள் தேடிப் பிடித்துப் பார்த்தவற்றில், உண்மையைச் சொன்னால், கதை எங்களுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. மேடை வசனத்தை அப்படியே கமெராவுக்கு முன்னால் சொல்கிறார்கள். ஆனால் அவர் பாட வாயைத் திறந்தால் மற்றதெல்லாம் மறந்து போகிறது. குரலில் ஒரு கனம் இருக்கிறது. சின்னப் பிள்ளைக் கீச்சுக் குரல் நாகரிகமாக இருந்த காலத்தில் அவர் முழுக் குரலில் பாடினார்.

1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வந்தது. ஸ்டூடியோச் சுவரை விட்டுக் கிராமத்து வெயிலில் எடுத்த படம். அதற்குப் பிறகு, தென்னிந்தியப் பாணியில் எடுத்த பழைய படங்களைக் கேலி செய்வது ஒரு வழக்கமாயிற்று. கேலியில் நியாயமும் இருந்தது. ஆனால் பாணி மாறும்போது அதிலே ஊறிய கதாநாயகிக்கு என்ன நடக்கும்? ஆணாக இருந்தால் தகப்பன் வேடம், பண்ணையார் வேடம் என்று இருபது வருடம் ஓடும். அவருக்குச் சிறிய வேடங்கள் வந்தன. கணக்குப் பார்த்தால் மொத்தம் சுமார் நூறு படங்கள், ஆனால் கதாநாயகிப் பருவம் அதில் ஒரு பகுதிதான்.

சுந்தராம்பாள் அம்மையாரை இங்கே ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கிறோம். அவரும் மேடையிலிருந்து திரைக்குப் போனவர், 1935இல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியவர். வயதானபோது அவருக்கு ஔவையார் வேடம் காத்திருந்தது. சட்ட மேலவைக்கும் போனார். நாம் முன்னே சொன்ன ஜூடித் அண்டர்சன் 'ரெபெக்கா' படத்தில் பயங்கர வீட்டு நிர்வாகியாக வந்தவர். அவருடைய ஐம்பதாவது வயதில், அதே 1947ஆம் ஆண்டில்தான் நியூயோர்க் மேடையில் 'மீடியா'வாக நின்று உச்சத்தைத் தொட்டார். வயது போன பெண்ணுக்கென்று எழுதப்பட்ட பெரிய வேடம் அந்த இருவருக்கும் கிடைத்தது. நமது நாட்டில் ராசம்மாவுக்கு ஔவையாரை எழுத யாரும் இருக்கவில்லை.

அவருக்குக் குரல் இருந்தது. எழுபதுகளில் கித்தார் பிடித்த இளைஞர் குழுக்கள் மேடைகளை நிரப்பியபோது, தன் பிள்ளைகள் வயதுப் பொடியன்களோடு மைக்கின் முன் நின்றார். மகிழ்ச்சியாகத்தான் நின்றார் என்று பழைய படங்களில் தெரிகிறது. ஊர் ஊராகக் கார்னிவல், விளையாட்டு மைதானம், இரவுக் கச்சேரி. 1978 ஒக்டோபர் மாதம் மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் பாடிவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒக்டோபர் 28ஆம் திகதி, யா-எல துடெல்லவில் வாகன விபத்து. வீட்டுக்கு இன்னும் சுமார் பத்து மைல்தான். ஐம்பத்தைந்து வயது. மறு ஆண்டு சரசவிய விழாவில் அவருக்கு வாழ்நாள் விருது கொடுத்தார்கள். வாங்க ஆளில்லாதபோது.

ஐந்து வருடம் கழித்து 1983 ஜூலை. ஹெந்தளையில் கே. குணரத்தினம் நடத்திய விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. பழைய சிங்களப் படங்களின் மூலப் பிரதிகள் பல அங்கே சாம்பலாயின. சிங்களப் படங்களை எடுத்த நெறியாளர் கே. வெங்கட் அந்த நாட்களில் கொல்லப்பட்டார். தமிழன் ஸ்டூடியோ என்று எரித்தவர்கள் சிங்களப் படத்தைத்தான் எரித்தார்கள். ருக்மணி தேவி அதைப் பார்க்க இருக்கவில்லை. இருந்திருந்தால் அன்றைக்கு அவரை எந்தப் பெயரால் கூப்பிட்டிருப்பார்கள் என்று நாங்கள் மூவரும் ஓர் இரவு முழுக்க வாதாடினோம். ஒரு முடிவுக்கும் வரவில்லை. அந்த ஜூலையில் நமது விடுதியில் இருந்த அக்காமார் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை.

இனி நமது மேடைக்கு வருகிறோம். இதைச் சொல்வதா வேண்டாமா என்று மிகவும் யோசித்தோம்.

எங்கள் வகுப்பு ஒன்பதாம் ஆண்டில் இருந்தபோது கலைவிழாவுக்கு 'அரிச்சந்திரா' போட்டோம். பெண்கள் பாடசாலை, ஆகவே அரிச்சந்திரனும் நாங்களே, விசுவாமித்திரரும் நாங்களே. மீசைக்கு அடுப்புக்கரி. சந்திரமதியாக ஒருத்தி நடித்தாள். பெயர் சொல்ல மாட்டோம், வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். மயான காண்டத்தில் பிள்ளையை மடியில் வைத்து அவள் பேசத் தொடங்கினால், ஒத்திகைக்குச் சாவி கொண்டு வந்த காவற்காரத் தாத்தா படியில் உட்கார்ந்து அழுவார். நூறு முறை ஒத்திகை பார்த்தவர், நூறு முறையும் அழுதார்.

விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது அவள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. குமர்ப்பிள்ளை மேடையில் ஆடுகிறதா என்று கேட்டார்கள். டீச்சர் கெஞ்சிப் பார்த்தார். சுடலைக் காட்சிதானே, ஆட்டம் இல்லையே, வெள்ளைச் சேலைதானே என்றார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த தவணைக்கு அவள் திரும்பி வரவுமில்லை. சந்திரமதி வேடத்தை எங்களில் ஒருத்தி பாடமாக்கி ஒப்புவித்தாள். அவள் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், தலையைக் குனிந்துகொண்டு. காவற்காரத் தாத்தா விழாவன்று வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

வீட்டாரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் பயந்தார்கள். பயத்துக்குக் காரணமும் இருந்தது. நடிகை என்ற சொல்லை நமது சனம் எந்தத் தொனியில் சொல்லும் என்று நமக்குத் தெரியும். ஆனால் எங்கள் பங்கும் ஒன்று உண்டு. அன்றைக்கு நாங்கள் முப்பத்திரண்டு பேர் வகுப்பில் இருந்தோம். ஒருத்திகூட எழும்பி, அவள் இல்லாவிட்டால் நாடகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேடம் காலியாகிவிட்டது, யாருக்குக் கிடைக்கும் என்றுதான் பார்த்தோம். உண்மை அதுதான்.

றம்பொடைப் பிள்ளை ஒன்றுக்கு ஏழு வயதில் கிடைத்த மேடையை யாரும் பறிக்கவில்லை. தாயார் ஆசிரியை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எங்களில் டீச்சராக இருப்பவள் சொல்கிறாள். தன் தொழிலுக்குச் சாதகமாகப் பேசுகிறாள், இருந்தாலும் விட்டுவிடுகிறோம்.

சங்கத்துக்கு நூறு வயதாகிறது. மலரில் அதிபர்மாரின் படங்கள் வருகின்றன, டொக்டரானவர்கள், என்ஜினியரானவர்கள் பட்டியல் வருகிறது, அதெல்லாம் வரத்தான் வேண்டும். எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நமது மேடையில் நடந்த நாடகங்களின் பழைய படங்கள், அழைப்பிதழ்கள், வசனம் எழுதிய கொப்பிகள் யாரிடமாவது இருந்தால் செயலாளர் அக்காவுக்கு அனுப்பி வையுங்கள். கனடாவிலோ லண்டனிலோ பெட்டிக்கு அடியில் கிடந்தாலும் சரி. 'அரிச்சந்திரா' படம் ஒன்று இருக்கிறது, விழாவன்று எடுத்தது. அதில் அவள் இல்லை. ஒத்திகையில் யாராவது படம் எடுத்திருந்தால் அதுதான் எங்களுக்கு வேண்டும்.

அவளுடைய விலாசம் தெரிந்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு அனுப்ப வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் வந்து நிற்கிறார். அந்தப் பாட்டை உங்களுக்குப் பாடிக் காட்டுகிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். ஆச்சிக்குத் தமிழ் தெரியாது, ஆகவே நாங்கள் இவ்வளவு நேரம் என்ன பேசினோம் என்று அவருக்குப் பிறகு சொல்ல வேண்டும். முதலில் அவர் பாடட்டும்.